சொந்தக் கருவிகள் சொன்னபடி கேட்காதபோது: லிஸ்ப் ரெப்பிளில் பிழை தேடும் வழிமுறை

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியில் சனி, ஞாயிறு மாலைகளில் சில மாணவர்கள் காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழி பழக வருகிறார்கள். மற்ற நாட்களில் நான் ராணிப்பேட்டைப் பக்கத்து டேனரி ஒன்றுக்காகத் தோல் அளவுக் கணக்கு நிரலைப் பராமரித்து வருகிறேன். ரெப்பிளின், அதாவது தட்டிய வரியை உடனே ஓட்டி விடை காட்டும் திரையின், முன் தினமும் உட்காருபவர் எவரும் சில மாதங்களுக்குள் தமக்கென்று ஐந்தாறு சிறு கருவிகளைச் செய்துகொள்வார்: ஒரு மதிப்பை அச்சிட்டுக் காட்டிவிட்டு அதையே திருப்பித் தருவது, பெயரின் ஒரு துண்டைக் கொடுத்தால் முழுப் பெயரைத் தேடித் தருவது, ஓடும் நேரத்தை அளப்பது, எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றுவது. இவை பழுதாகும்போது வருகிற தொல்லைகளை நான் என் கணினியிலும் மாணவர்களின் கணினிகளிலும் திரும்பத் திரும்பச் சரிசெய்திருக்கிறேன். கோப்பில் எழுதியிருப்பதும், ஓடிக்கொண்டிருக்கும் இமேஜுக்குள் (நினைவகத்தில் ஏறி நிற்கும் லிஸ்புக்குள்) உண்மையில் இருப்பதும் ஒன்றுக்கொன்று விலகிவிடுவதே அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். அந்த விலகல் எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்கும் வரிசையையே இங்கே எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது லிஸ்ப் கம்பைலரான எஸ்.பி.சி.எல்., நிரல் எழுதும் எடிட்டரான ஈமாக்ஸ், இரண்டையும் இணைக்கும் ஸ்லைம், நூலகங்களை இறக்கி ஏற்றும் குயிக்லிஸ்ப் ஆகியவை. என் கருவிகள் எல்லாம் ஒரே கோப்பில், "கை" என்ற பேக்கேஜில் (பெயர்களின் தனித் தொகுப்பில்) இருக்கின்றன. எஸ்.பி.சி.எல். தமிழ் எழுத்துகளில் பெயர் வைப்பதை ஏற்றுக்கொள்வதால் கருவிகளுக்கு கை:காட்டு, கை:தேடு, கை:தொகு, கை:புதுப்பி என்றே பெயரிட்டிருக்கிறேன். வேறு எந்த நூலகத்தின் பெயரோடும் இவை மோதுவதில்லை. நிரலைப் படிக்கும்போது என் கருவியை எங்கே விட்டுவிட்டேன் என்பதும் கண்ணுக்கு உடனே தெரிகிறது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

ஈமாக்ஸை அப்படியே விட்டுவிட்டு, டெர்மினலில் எஸ்.பி.சி.எல்.-ஐ "நோ-யூசர்இனிட்" என்ற விருப்பத்தோடு தொடங்குங்கள். உங்கள் தொடக்கக் கோப்பான எஸ்பிசிஎல்ஆர்சி இப்போது படிக்கப்படாது. இந்த வெறும் இமேஜில் கருவிக் கோப்பை மட்டும் முழுப் பாதையோடும் நீட்டிப்போடும் ஏற்றி, பழுதை மறுபடி வரவழைக்க முயலுங்கள். இங்கும் பழுது வந்தால் குறை கருவிக் கோப்பில் இருக்கிறது. இங்கே வராமல், தொடக்கக் கோப்போடு தொடங்கிய புதிய இமேஜில் வந்தால் குறை தொடக்கக் கோப்பில் இருக்கிறது. இரண்டிலும் வராமல் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் இமேஜில் மட்டும் வந்தால், அந்த இமேஜுக்குள் பழைய சரக்கு ஏதோ தங்கியிருக்கிறது. இதற்கு இரண்டு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் நேரே கோப்பைத் திருத்தத் தொடங்கியவர்கள் சரியாக இருந்த வரிகளையும் கெடுத்து வைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி: கருவி இருக்கிறது, ஆனால் "வரையறுக்கப்படாத ஃபங்ஷன்" என்கிறது

முதலில் ப்ராம்ப்ட்டைப் பாருங்கள். நீங்கள் எந்தப் பேக்கேஜில் நிற்கிறீர்கள் என்பதை ஸ்லைம் அங்கேயே காட்டுகிறது. கருவியைச் "சிஎல்-யூசர்" பேக்கேஜில் எழுதிவிட்டு, பிறகு வேலைக்காக வேறொரு பேக்கேஜுக்குள் போயிருந்தால், அங்கே நீங்கள் தட்டும் பெயர் அந்தப் பேக்கேஜுக்குள் புதிதாக உண்டாகும் இன்னொரு சிம்பல் (லிஸ்ப் ஒரு பெயருக்காக வைத்திருக்கும் பொருள்). எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு. பேக்கேஜ் பெயரை முன்னால் சேர்த்து கை:காட்டு என்று முழுமையாக எழுதிப் பாருங்கள், வேலை செய்தால் விஷயம் முடிந்தது. பேக்கேஜுக்கு இரண்டெழுத்துக்குள் பெயர் வைத்தால் முழுப் பெயர் எழுதுவது பாரமாக இருக்காது என்பதாலேயே நான் "கை" என்று வைத்தேன்.

முழுப் பெயரிலும் "இது வெளிப்பெயர் இல்லை" என்று பிழை வந்தால், பேக்கேஜ் வரையறையின் எக்ஸ்போர்ட் பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். அவசரத்துக்கு இரட்டைப் புள்ளி வைத்து அழைக்கலாம். ஆனால் அந்த அழைப்பை நிலையான நிரலில் விட்டுவைக்க வேண்டாம்.

பேக்கேஜே இல்லை என்றால் தொடக்கக் கோப்பு படிக்கப்படவில்லை. "ஸ்கிரிப்ட்" விருப்பத்தோடு ஓட்டும்போது எஸ்.பி.சி.எல். தொடக்கக் கோப்பைத் தொடுவதே இல்லை, அதனால் டெர்மினலில் வேலை செய்த கருவி ஷெல் ஸ்கிரிப்டில் காணாமல் போவது இயல்பு. ஈமாக்ஸ் வேறு ஒரு லிஸ்பை அழைத்துக்கொண்டிருக்கவும் கூடும். இரண்டில் எது நேர்ந்தாலும் ஒரே பார்வையில் தெரிய, தொடக்கக் கோப்பின் கடைசி வரியில் "கை தயார்" என்று அச்சிடச் செய்துவிடுங்கள். அந்தச் சொல் திரையில் வராத நாளில் வேறெங்கும் தேட வேண்டாம்.

பேக்கேஜ் இருந்தும், "யூஸ்-பேக்கேஜ்" செய்யும்போது பெயர் மோதல் என்று டீபக்கர் (பிழை நேர்ந்த இடத்தில் நிறுத்தித் தேர்வுகள் கேட்கும் திரை) எழுந்தால், அதற்கு நீங்களே சற்றுமுன் செய்த காரியம்தான் காரணம். பேக்கேஜை இணைக்கும் முன்பே காட்டு என்று ஒருமுறை தட்டியிருப்பீர்கள், தட்டியதைப் படிக்கும் பகுதியான ரீடர் அந்தப் பெயரை நீங்கள் நின்ற பேக்கேஜிலேயே பதிந்து வைத்துவிட்டது. டீபக்கர் தரும் தேர்வுகளில் உங்கள் பேக்கேஜில் பதிந்த அந்தத் தவறான சிம்பலை நீக்கும் தேர்வை எடுங்கள், அல்லது "அன்இன்டர்ன்" கொண்டு நீங்களே நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள். இமேஜை மூடித் திறக்கத் தேவையில்லை.

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய ஒரு பழுதும் இந்த அறிகுறியோடுதான் வரும், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். "தொகு" என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெழுத்தாகவும் எழுதலாம், எகரக் கொம்பையும் கால் குறியையும் அடுத்தடுத்துத் தட்டியும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எஸ்.பி.சி.எல்.-இன் ரீடர் பெயரைப் படிக்கும்போதே யூனிகோடு நெறிப்படி இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால், கோப்பிலும் ரெப்பிளிலும் தொல்லை வருவதில்லை. ஆனால் பெயரைச் சரமாக (ஸ்ட்ரிங்) கொடுத்து "ஃபைண்ட்-சிம்பல்" கொண்டு தேடும் கருவியில் இந்த ஒன்றாக்கம் நடப்பதில்லை. அங்கே இரண்டும் இரண்டாகவே நிற்கும், தேடல் வெறுங்கையோடு திரும்பும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பெயரில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக்குறி ஒட்டிக்கொண்டு வந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அதை ரீடரும் நீக்குவதில்லை.

சோதனை எளியது. சந்தேகத்துக்குரிய சிம்பலின் பெயரை எடுத்து, ஒவ்வோர் எழுத்தின் குறியெண்ணையும் பட்டியலாக அச்சிடுங்கள். தமிழ் எழுத்துகள் எல்லாம் 2944 முதல் 3071 வரைக்குள் அடங்க வேண்டும். 3018 என்று ஒரே எண் வந்தால் அது ஒற்றை ஒகரக் குறி, 3014-உம் 3006-உம் அடுத்தடுத்து வந்தால் அது பிரித்து எழுதியது. 8203, 8204, 8205 ஆகியவற்றில் எது வந்தாலும் மறைந்திருக்கும் குறி, அதை அழித்துவிட்டுப் பெயரைக் கையால் தட்டுங்கள். ஆங்கிலப் பெயர்களைத் தேடும்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: ரீடர் பெயர்களைப் பேரெழுத்தாக்கிவிடுவதால் சரத்தையும் பேரெழுத்தில் கொடுத்தால்தான் கிடைக்கும். தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பிரிவே இல்லை என்பதால் நம் பெயர்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

இத்தனையும் பார்த்த பிறகு, "எல்லாப் பேக்கேஜிலும் முன்னொட்டு இல்லாமல் கிடைத்தால் நன்றாயிருக்குமே" என்று தோன்றி, கருவியைக் காமன்-லிஸ்ப் பேக்கேஜுக்குள்ளேயே திணிக்க நினைப்பவர்கள் உண்டு. எஸ்.பி.சி.எல். அந்தப் பேக்கேஜைப் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டைத் திறக்க வழி இருந்தாலும் திறக்காதீர்கள். பிறர் நூலகங்கள் எல்லாம் அந்தப் பேக்கேஜை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன.

## அறிகுறி: தொடங்கும்போதே "அந்தப் பேக்கேஜ் இல்லை" என்று நிற்கிறது

தொடக்கக் கோப்பில் குயிக்லிஸ்பை ஏற்றும் வரிகளுக்கு மேலே உங்கள் வரிகள் ஏறிவிட்டனவா என்று பாருங்கள். வரிசை மாறினால் குயிக்லிஸ்பின் பேக்கேஜ் இன்னும் பிறந்திருக்காது.

வரிசை சரியாக இருந்தும் பிழை வந்தால், ஒரே அடைப்புக்குள் இரண்டு வேலைகளைச் செய்திருக்கிறீர்கள் என்று கொள்ளலாம். ஒரு "ப்ரோக்ன்" அல்லது "வென்" உள்ளே முதலில் குயிக்லிஸ்ப் கொண்டு ஒரு நூலகத்தை ஏற்றி, அடுத்த வரியில் அந்த நூலகத்தின் ஃபங்ஷனைப் பேக்கேஜ் முன்னொட்டோடு அழைத்திருப்பீர்கள். ரீடர் அந்த அடைப்பு முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் முதல் வரி ஓடவே தொடங்கும். படிக்கும் நேரத்தில் நூலகம் ஏறியிருக்காது, ஆகவே பேக்கேஜ் இருக்காது. இரண்டையும் தனித்தனி மேல்நிலை அடைப்புகளாகப் பிரித்தால் சரியாகிவிடும். நிபந்தனைக்குள் வைத்தே ஆக வேண்டும் என்றால், பெயர்களைச் சரமாக ஏற்று ஓடும் நேரத்தில் தேடி அழைக்கும் "சிம்பல்-கால்" ஃபங்ஷன் யூஐஓபி என்ற துணை நூலகத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

குயிக்லிஸ்ப் உங்கள் சொந்தக் கருவித் தொகுப்பையே காணவில்லை என்றால், அது லோக்கல்-ப்ராஜெக்ட்ஸ் அடைவில் இருக்கிறதா, தொகுப்பை விவரிக்கும் ஏஎஸ்டி கோப்பின் பெயரும் உள்ளே எழுதிய சிஸ்டம் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் "ரெஜிஸ்டர்-லோக்கல்-ப்ராஜெக்ட்ஸ்" என்ற ஃபங்ஷனை ஒருமுறை ஓட்டுங்கள். குயிக்லிஸ்ப் அந்த அடைவுக்கென்று ஒரு பட்டியலை எழுதி வைத்துக்கொள்கிறது, பட்டியல் பழையதானால் புதிய சிஸ்டம் கண்ணில் படாது.

## அறிகுறி: கோப்பைத் திருத்திவிட்டேன், பழையபடியே நடக்கிறது

மிக அதிகமாக வருவதும் மிக அதிக நேரத்தை விழுங்குவதும் இந்த அறிகுறிதான். திருத்தியது எந்த வகை வரையறை என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

திருத்தியது ஒரு மாறி என்றால். தோல் கணக்கில் ஒரு சதுர அடிக்கு 9.29 சதுர டெசிமீட்டர். அதை நான் ஒருநாள் 9.92 என்று மாற்றித் தட்டிவிட்டேன். 1,000 சதுர அடிக்கு 9,290 வர வேண்டிய இடத்தில் 9,920 வந்தபோது தவறு புரிந்து, கோப்பில் 9.29 என்று திருத்தி, மறுபடி கம்பைல் செய்தேன். அப்போதும் 9,920-தான் வந்தது. அந்த மாறியை "டெஃப்வார்" கொண்டு வரையறுத்திருந்தேன். மதிப்பு ஏற்கெனவே இருந்தால் டெஃப்வார் அதைத் தொடுவதில்லை, முதலில் ஏறிய 9.92 இமேஜ் மூடும் வரை அப்படியே இருந்திருக்கும். ரெப்பிளில் மாறியின் பெயரைத் தட்டி மதிப்பைப் பார்ப்பதே போதுமான சோதனை.

உடனடித் தீர்வாக, ஈமாக்ஸில் அந்த வரையறையின் மேல் நின்று கன்ட்ரோல்-மெட்டா-எக்ஸ் (மெட்டா என்பது பொதுவாக ஆல்ட் விசை) அழுத்துங்கள். டெஃப்வார் என்று கண்டால் ஸ்லைம் அந்த விசையில் மட்டும் மதிப்பைக் கட்டாயமாகப் புதுப்பிக்கிறது. கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-சி அப்படிச் செய்யாது. நிலையான தீர்வு, அமைப்பு மதிப்புகளை "டெஃப்பாராமீட்டர்" கொண்டு எழுதுவதும், வேலைநேரத்தில் சேர்ந்த தரவைத் தாங்கும் மாறிகளுக்கு மட்டும் டெஃப்வாரை வைத்துக்கொள்வதும் ஆகும். "டெஃப்கான்ஸ்டன்ட்" ஆக எழுதியிருந்தால், மதிப்பு மாறும்போது எஸ்.பி.சி.எல். டீபக்கரை எழுப்பிக் கேட்கும். ஆனால் முன்பே கம்பைல் ஆன ஃபங்ஷன்களுக்குள் பழைய எண் பதிந்துபோயிருக்கலாம், அவற்றையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

திருத்தியது ஒரு மேக்ரோ (அழைத்த இடத்தில் நிரல் வரிகளாக விரிவது) என்றால். மேக்ரோ விரிவது அழைப்பவர் கம்பைல் ஆகும்போது. ஆகவே மேக்ரோவைத் திருத்தினாலும் அழைப்பவரின் உடலில் பழைய விரிவே இருக்கும். கை:காட்டு ஒரு மேக்ரோ. கொடுத்த கோவையையும் (எக்ஸ்பிரஷன்) அதன் மதிப்பையும் அச்சிட்டு, மதிப்பைத் திருப்பித் தரும். அச்சிடும் இடத்தை நான் மாற்றியபோது பாதி ஃபங்ஷன்கள் புதிய இடத்திலும் பாதி பழைய இடத்திலும் அச்சிட்டன. எவையெல்லாம் அந்த மேக்ரோவை விரித்திருக்கின்றன என்று ஸ்லைமிடம் கேட்கலாம், கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-டபிள்யூ எம் என்ற விசைகள் அந்தப் பட்டியலைத் தரும். பட்டியலில் உள்ளவற்றை மறுபடி கம்பைல் செய்தால் போதும்.

இது அடிக்கடி நேர்ந்தால் மேக்ரோவின் அமைப்பையே மாற்றிவிடுங்கள். கோவையை எழுதியபடியே எடுத்து, மதிப்போடு சேர்த்து ஒரு ஃபங்ஷனிடம் ஒப்படைப்பதோடு மேக்ரோ நிற்கட்டும், அச்சிடும் வேலை முழுவதும் அந்த ஃபங்ஷனுக்குள் இருக்கட்டும். பிறகு ஃபங்ஷனைத் திருத்தினால் பழைய விரிவுகளும் புதிய நடத்தையைப் பெற்றுவிடும். நான் கை:காட்டை இப்படி மாற்றிய பிறகு அதற்காக யாரையும் மறுபடி கம்பைல் செய்ய நேர்ந்ததில்லை. "இன்லைன்" (அழைக்கும் இடத்திலேயே உடலைப் பதித்துவிடு) என்று அறிவித்த ஃபங்ஷன்களுக்கும் மேக்ரோவின் இதே நோய் உண்டு. கைக்கருவிகளில் இன்லைன் அறிவிப்பு தேவையே இல்லை, நீக்கிவிடுங்கள்.

திருத்தியது ஒரு மெத்தடின் (ஒரே பெயரில், உள்ளீட்டின் வகைக்கேற்ப ஓடும் வரையறைகளில் ஒன்று) வகைக்குறிப்பு என்றால். எண்ணுக்கு என்று எழுதிய மெத்தடைச் சரத்துக்கு என்று மாற்றினால், புதிய மெத்தட் சேர்கிறது, பழையது போவதில்லை. மெத்தட்களைத் தாங்கும் ஜெனரிக் ஃபங்ஷனை ஸ்லைமின் இன்ஸ்பெக்டரில் திறந்து மெத்தட் பட்டியலைப் பாருங்கள், வேண்டாததை அங்கேயே நீக்கலாம்.

திருத்தியது ஒரு ஸ்ட்ரக்ட் (தரவின் வடிவ வரையறை) என்றால், எஸ்.பி.சி.எல். தானாகவே நிறுத்தி என்ன செய்யலாம் என்று கேட்கும். ஏற்கெனவே உண்டாக்கிய பொருட்கள் இமேஜில் இருந்தால், துணிந்து தொடரும் தேர்வை எடுக்காமல் இமேஜைப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. வடிவம் அடிக்கடி மாறும் தரவை டெஃப்கிளாஸில் எழுதினால் இந்தக் கேள்வியே வராது.

இவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்றால், நீங்கள் ஏற்றும் கோப்பு நீங்கள் திருத்தும் கோப்புதானா என்று பாருங்கள். நீட்டிப்பு இல்லாமல் பெயரைக் கொடுத்து ஏற்றினால் பக்கத்தில் கிடக்கும் பழைய ஃபாஸ்ல் கோப்பு (கம்பைல் செய்து வைத்தது) ஏறிவிடக்கூடும். மெட்டா-புள்ளி அழுத்தி வரையறைக்குத் தாவினால், அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று ஈமாக்ஸே காட்டிவிடும்.

கடைசி நிலையாக, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஏற்றும் கருவி தேவைப்படும். கை:புதுப்பியை முதலில் எழுதியபோது "டிலீட்-பேக்கேஜ்" செய்துவிட்டுக் கோப்பை மறுபடி ஏற்றினேன். அதன் விளைவு விசித்திரமாக இருந்தது. என் வேலை நிரல்கள் தொடர்ந்து பழைய கருவிகளையே அழைத்தன, பிழைச் செய்தியில் கருவியின் பெயருக்கு முன்னால் வீடில்லாத சிம்பலுக்குரிய குறி நின்றது. பேக்கேஜை அழித்தாலும், அதன் சிம்பல்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிரல்கள் அவற்றை விடுவதில்லை. புதிதாகப் பிறந்த பேக்கேஜில் அதே பெயரில் வேறு சிம்பல்கள் பிறக்கின்றன. இப்போது நான் பேக்கேஜை அப்படியே விட்டுவைத்து, அதன் சிம்பல்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஃபங்ஷனை மட்டும் "எஃப்மேக்அன்பவுண்ட்" கொண்டு கழற்றிவிட்டு, பிறகு கோப்பை ஏற்றுகிறேன். சிம்பல் அதே ஆளாக இருப்பதால் அழைப்பவர்கள் அனைவரும் புதிய வரையறையைப் பெறுகிறார்கள், கோப்பிலிருந்து நீக்கிய கருவியும் இமேஜிலிருந்து போய்விடுகிறது.

அதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. "டூ-சிம்பல்ஸ்" சுற்றினால், பேக்கேஜ் கடன் வாங்கிய காமன்-லிஸ்ப் பெயர்களும் வரிசையில் வரும். சிம்பலின் சொந்தப் பேக்கேஜ் "கை"தானா என்று ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். அடுத்தது, புதுப்பிக்கும் ஃபங்ஷனை அதே கோப்பில் வைத்தால், ஏற்றுவது பாதியில் நின்றால் புதுப்பிக்கும் கருவியே இல்லாமல் போய்விடும். அந்த ஒன்றை மட்டும் தொடக்கக் கோப்பில், தனிப் பேக்கேஜில் வையுங்கள். என்னுடைய கை:புதுப்பி இப்போது அங்கிருப்பதை அழைக்கும் ஒற்றை வரி மட்டுமே.

## அறிகுறி: என்னிடம் ஓடுகிறது, புதிய இமேஜிலோ இன்னொருவர் கணினியிலோ ஓடவில்லை

"சார், உங்க மிஷின்ல ஓடுது, எனக்கு கம்பைலே ஆகல" என்று ஆம்பூரிலிருந்து வரும் ஒரு மாணவர் தொலைபேசியில் சொன்னபோது, நான் அனுப்பிய கோப்பில் ஒரு ஃபங்ஷனே இல்லை. அதை முந்தின வாரம் ரெப்பிளில் தட்டியிருந்தேன், கோப்பில் எழுதவே இல்லை. என் இமேஜ் அதை நினைவில் வைத்திருந்ததால் எனக்குக் குறை தெரியவில்லை. வெறும் இமேஜில் கம்பைல் செய்து, முடிவில் வரும் "வரையறுக்கப்படாத" எச்சரிக்கைகளை ஒன்றுவிடாமல் படித்தால் இந்த வகை முழுவதும் பிடிபட்டுவிடும்.

எல்லாம் கோப்பில் இருந்தும் புதிய இமேஜில் கம்பைல் நிற்கிறது என்றால், மேக்ரோ விரியும்போது அழைக்கப்படும் துணை ஃபங்ஷனைத் தேடுங்கள். ரெப்பிளில் ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்தபோது அந்தத் துணை ஏற்கெனவே இமேஜில் இருந்தது. கோப்பை மொத்தமாகக் கம்பைல் செய்யும்போது அது இன்னும் ஏற்றப்படாமல் இருக்கும். துணை ஃபங்ஷனை "ஈவல்-வென்" உள்ளே, கம்பைல், ஏற்றம், ஓட்டம் ஆகிய மூன்று நேரங்களும் குறித்து வையுங்கள், அல்லது முன்னதாக ஏறும் தனிக் கோப்புக்கு மாற்றுங்கள். மேக்ரோவே அதை அழைப்பவருக்குக் கீழே எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிறருக்குத் தரும் நிரலில் கை: என்ற முன்னொட்டு எங்காவது தங்கிவிட்டதா என்று தேடுவதும் இதில் அடங்கும். அந்தப் பேக்கேஜ் அவர்களிடம் இருக்காது. பழைய எஸ்.பி.சி.எல். பதிப்புகள் மொழி அமைப்பு "சி" என்றிருக்கும் சூழலில் கோப்பை லத்தீன்-1 என்று எடுத்துக்கொண்டு தமிழ்ப் பெயர்களைக் குப்பையாக்கிவிடும். அவ்வாறானால் சூழலின் மொழி அமைப்பை யூடிஎஃப்-8 ஆக்குங்கள்.

மின்தடைக்குப் பிறகு "நேற்று எழுதிய கருவியைக் காணோம்" என்பதும் இதன் கிளைதான். ஸ்லைம் ரெப்பிள் வரலாற்றைத் தன் கோப்பில் எழுதி வைப்பது முறையாக மூடும்போதுதான், கரண்ட் போகும்போது அதற்கு அவகாசம் இல்லை. ஒரு கருவி இரண்டாம் முறை பயன்பட்டதும் கோப்புக்கு ஏற்றிவிடுங்கள்.

## அறிகுறி: அச்சிட்டது எங்கும் தெரியவில்லை, அல்லது அச்சிட்டு முடிவதே இல்லை

தெரியவில்லை என்றால் ஈமாக்ஸில் "இன்ஃபீரியர்-லிஸ்ப்" பஃபரைத் திறந்து பாருங்கள். வேறு த்ரெட்டில் (இணையாக ஓடும் இழையில்) ஓடும் நிரல், எடுத்துக்காட்டாக வலைச் சேவையகத்தின் கோரிக்கை ஒன்று, அச்சிடுவது அங்கேதான் போய் விழும். ரெப்பிளிலேயே வேண்டும் என்றால், வீட்டு அடைவில் (ஹோம் டைரக்டரி) உள்ள ஸ்வாங்க் (ஸ்லைமின் லிஸ்ப் பக்கப் பகுதி) தொடக்கக் கோப்பில் "குளோபலி-ரீடைரக்ட்-ஐஓ" மாறியை உண்மையாக்கிவிட்டு ஸ்லைமை மறுபடி தொடங்குங்கள்.

முடிவதே இல்லை என்றால் ரெப்பிளில் கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள். நீங்கள் அச்சிட்டது தன்னையே சுற்றிக்கொள்ளும் தரவு. "ப்ரின்ட்-சர்க்கிள்" மாறியை உண்மையாக்கினால் அது அடங்கும். வெறுமனே மிக நீண்ட தரவு என்றால் "ப்ரின்ட்-லெங்த்" மாறிக்கு 50 போல ஒரு வரம்பு வைக்கலாம்.

ஆனால் அந்த வரம்பைத் தொடக்கக் கோப்பில் பொதுவாக வைத்துவிடாதீர்கள், இதை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். தரவைக் கோப்பில் எழுதிச் சேமிக்கும் நிரலும் அதே வரம்புக்கு உட்பட்டு, 50 உறுப்புகளுக்குப் பின் மூன்று புள்ளிகளை எழுதி முடித்துவிடும். மறுபடி படிக்கும்போது ரீடர் அந்தப் புள்ளிகளில் பிழை காட்டும். அதற்குள் மீதித் தரவு இருந்த இமேஜ் மூடப்பட்டிருந்தால் மீட்க வழியில்லை. வரம்புகளைக் கை:காட்டின் உள்ளே மட்டும் "லெட்" கொண்டு கட்டுங்கள். சேமிக்கும் நிரலை "வித்-ஸ்டாண்டர்ட்-ஐஓ-சின்டாக்ஸ்" உள்ளே வையுங்கள், அது அச்சு மாறிகளைத் தரமான நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

## அறிகுறி: கருவிகளோடு சேமித்த கோர் கோப்பு திறக்கவில்லை, அல்லது சேமிக்கவே முடியவில்லை

கோர் என்பது இமேஜை அப்படியே வட்டில் சேமித்த கோப்பு. சேமிக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்லைமுக்குள்ளிருந்து முயன்றிருப்பீர்கள். பல த்ரெட்கள் ஓடும்போது எஸ்.பி.சி.எல். கோரைச் சேமிக்க மறுக்கும், டெர்மினலில் தனியாகத் தொடங்கிச் சேமியுங்கள். திறக்கவில்லை என்றால் எஸ்.பி.சி.எல். புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பதிப்பில் செய்த கோரை அதே பதிப்பின் ரன்டைம் மட்டுமே திறக்கும். கோரைச் செய்யும் வரிகளை ஒரு ஸ்கிரிப்டாக வைத்து, புதுப்பித்த ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள். ஸ்லைமும் ஸ்வாங்கும் பதிப்பு மாறுபடுவதாக ஈமாக்ஸ் கேட்டால், ஸ்லைம் இரண்டு இடங்களிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது, ஒன்றை நீக்குங்கள்.

## அறிகுறி: நினைவகம் தீர்ந்தது, அல்லது எல்டிபி (எஸ்.பி.சி.எல்.-இன் அடிமட்ட டீபக்கர்) என்ற ப்ராம்ப்ட்டில் வந்து நிற்கிறது

ஒரு நட்சத்திரம், இரண்டு, மூன்று என்ற ரெப்பிள் மாறிகள் கடைசி மூன்று விடைகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. பெரிய தரவு அங்கே மாட்டியிருந்தால், மூன்று முறை ஏதாவது சிறு எண்ணைத் தட்டினால் விடுபடும். ஸ்லைம் ரெப்பிளில் அச்சான விடைகளையும் திரையோடு சேர்த்து வைத்திருக்கலாம், ஆகவே பஃபரையும் துடையுங்கள். உங்கள் கருவி எதுவும் விடைகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். கை:தொகு என்னிடம் அதைத்தான் செய்தது, இப்போது 200 உறுப்புகளோடு நிறுத்தியிருக்கிறேன். இவையெல்லாம் போதாமல் உண்மையிலேயே பெரிய தரவு என்றால் "டைனமிக்-ஸ்பேஸ்-சைஸ்" விருப்பத்தில் கூடுதல் இடம் கொடுத்துத் தொடங்குங்கள்.

ஒரே நிரல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நினைவகப் பிழையோடு விழுந்தால், அதிலும் பிற மென்பொருள்களும் இடையிடையே விழுந்தால், நிரலை விட்டுவிட்டு மெம்டெஸ்ட் கொண்டு ரேமைச் சோதியுங்கள். அதில் பிழை வந்தால் கணினி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோவதைத் தவிர நமக்கு வேலை இல்லை. நம் ஊர் மே மாத வெயிலில் மடிக்கணினி சூடேறி விழுவதும் உண்டு. விசிறித் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் போங்கள்.

வெறும் இமேஜில், எந்த நூலகமும் இல்லாமல், சில வரிகளிலேயே எல்டிபி-க்குள் தள்ளிவிட முடிகிறது என்றால் அது உங்கள் கருவியின் குறையாக இருக்க வாய்ப்பு குறைவு. அதை எஸ்.பி.சி.எல். உருவாக்குபவர்களிடம் சொல்ல வேண்டும், பிழைகளை அவர்கள் லாஞ்ச்பேட் என்ற இணையதளத்தில் பதிவு செய்கிறார்கள். எழுதும் முன் புதிய பதிப்பில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், ஏறத்தாழ மாதத்துக்கு ஒன்று வெளிவருவதால் உங்கள் பிழை ஏற்கெனவே சரியாகியிருக்கலாம். அப்போதும் வந்தால், "லிஸ்ப்-இம்ப்ளிமென்டேஷன்-வெர்ஷன்" தரும் விடை, இயங்குதளமும் செயலியும், பிழையை வரவழைக்கும் மிகச் சிறிய நிரல், எல்டிபி-யில் "பேக்ட்ரேஸ்" என்று தட்டினால் வரும் வரிகள் ஆகிய நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பும் நிரலில் உள்ள தமிழ்ப் பெயர்களை மாற்றி, ஆங்கிலப் பெயர்களோடும் அது விழுகிறதா என்று பார்த்து, அந்த விடையையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.